டேப் டிரைவ் பெரட்டுக்கு வரவில்லை

திங்கட்கிழமை காலை ஏழே கால் இருக்கும். மலேசியாவின் தெலுக் இந்தானில் ரொட்டி சானாயைப் பிய்த்து வாயில் வைக்கப் போகும் நேரத்தில் போன் அடித்தது. ஊத்தான் மெலிந்தாங் பக்கம் இருக்கிற ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் கணக்குப் பிரிவு அக்கா.

"தம்பி, டேப்பு போட்டேன். உள்ள இழுத்துக்கிச்சு. ஆனா கம்ப்யூட்டர்ல டேப்பே இல்லன்னு காட்டுது."

"எப்படி காட்டுது அக்கா?"

"இல்லன்னா இல்லதான் தம்பி. முன்ன ஒரு சின்னப் பொம்மை இருக்கும்ல, அதைக் காணோம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் அங்கேதான் இருந்தேன். பழைய சர்வர் இரண்டை ஓய்வுக்கு அனுப்பி, அவற்றில் இருந்த எல்லாவற்றையும் அப்படியே விஎம்களாக (ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிகள்) மாற்றி, ஒரே புது சர்வரில் விஎம்களை ஓட்டும் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0 போட்டு ஏற்றியிருந்தேன். லாரி எடை போடும் வெய்பிரிட்ஜ் ஒரு விஎம். சம்பளம், கணக்கு, கோப்புகள், பேக்கப் எல்லாம் சேர்ந்து இன்னொரு விஎம், அதுதான் ஆபீஸ் விஎம். ஞாயிறு மாலை மேனேஜரிடம் "எல்லாம் முடிஞ்சது சார்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். முடியாதது ஒன்று இருந்தது என்று திங்கள் காலை அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

இந்த ஆலைக்குக் கணினித் தகவலை நகலெடுத்து வைக்கும் டேப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கிளவுட் காலத்தில் இன்னும் டேப்பா என்று. அங்கே போய் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தால் புரியும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அப்புறம் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தால் இடி சும்மா போகாது. சுற்றிலும் செம்பனை, நடுவில் ஆலை. நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று இடியில் கருகியதை நானே மாற்றியிருக்கிறேன். அலமாரியில் படுத்திருக்கும் டேப்புக்கு வயர் கிடையாது, இடி அதைத் தேடி வராது. வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டினாலும் அலமாரிக்குள் கை நீட்ட முடியாது. வருமான வரிக்காகக் கணக்குகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே இருப்பது எல்டிஓ-5 ரக டேப் டிரைவ். ஒரு டேப்பில் சுருக்காமலே 1.5 டெராபைட் போகும், அந்த ஆலைக்கு அது தாராளம். வெள்ளிக்கிழமை டேப்பை அக்கா ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து மேனேஜர் பங்களாவின் இரும்பு அலமாரிக்குக் கொடுத்தனுப்புவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சர்வரை விஎம்மாக மாற்றும்போது அந்த ஏற்பாட்டில் எது அறுபடும் என்று நான் யோசிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் ஆலைக்குப் போய்விட்டேன். முதல் நாள் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பேக்கப் மென்பொருளைத் திறந்தேன், டிவைஸ் இல்லை என்றது. அதன் சேவைகளை நிறுத்தி மறுபடி ஓட்டினேன், இல்லை என்றது. மென்பொருளைப் பழுதுபார்க்கும் நிறுவலை ஓட்டினேன். பிறகு முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். மத்தியானம் ஆகிவிட்டது. உதவி எண்ணுக்குப் போன் போட்டால் லாக் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். புதுத் திருத்தம் போடச் சொன்னார்கள், போட்டேன். நாலு மணிக்கு அக்கா மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தபோது நான் ஒன்றாம் கட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இடையில், விண்டோஸ் தனக்குத் தெரிந்த ஹார்டுவேரைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைப் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. அதில் எல்எஸ்ஐ என்ற நிறுவனத்தின் பெயரில், வட்டுகளையும் டேப் டிரைவையும் இணைக்கும் ஒரு எஸ்ஏஎஸ் அடாப்டர் இருந்தது. பழைய சர்வரிலிருந்து கழற்றிப் டேப் டிரைவுக்காகப் புது சர்வரில் நான் செருகிய கார்டும் எல்எஸ்ஐதான். ஆகா, கார்டு தெரிகிறது, அப்போது கோளாறு மென்பொருளில்தான் என்று முடிவு கட்டினேன். நாள் முழுக்க என்னை ஏமாற்றியது அந்த ஒரு வரி. விஎம்முக்குள் தெரிந்த அந்த எல்எஸ்ஐ நிஜக் கார்டே இல்லை. விஎம்மின் வட்டுகளைக் காட்டுவதற்காக ஹோஸ்ட் (ஈஎஸ்எக்ஸ்ஐ ஓடும் அந்தப் புது சர்வர்) வேஷம் கட்டி நிறுத்தியிருக்கும் போலி அடாப்டர் அது. விஎம்வேரில் இப்படி வேஷம் போடும் அடாப்டர்களுக்கு எல்எஸ்ஐ பெயரே வைத்திருப்பதால், நிஜமான எல்எஸ்ஐ கார்டு வைத்திருப்பவர்கள் இதில் தடுக்கி விழுவது சுலபம். நான் விழுந்தேன்.

இரவு ஈப்போவில் இருக்கும் அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன். இந்தத் தொழிலில் எனக்கு முன்னோடி. நான் அரை மணி நேரம் கொட்டியதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"சரிடா, டிரைவ் யார் கண்ணுக்குத் தெரியுது? மேலிருந்து கேக்காத. கீழிருந்து சொல்லு."

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்பா தோட்டத்தில் மண்டோராக, அதாவது ஆட்களை மேய்க்கும் கண்காணியாக இருந்தவர். விடியாத இருட்டில் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. லயத்திலிருந்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) ஆட்கள் வந்து வரிசையில் நிற்க, அப்பா பெயர் கூப்பிடுவார், செக்ரோலில் (வருகைப் பதிவேடு) குறி விழும். மண்டோர் கணக்கு கிராணிக்கு (ஆபீஸ் குமாஸ்தா) போகும், கிராணி கணக்கு மேனேஜருக்குப் போகும். மேனேஜர் மேசையில் ஒரு பெயர் இல்லையென்றால் மேனேஜரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவருக்குக் கிராணி சொன்னதுதான் தெரியும், கிராணிக்கு மண்டோர் சொன்னதுதான். ஆள் பெரட்டுக்கு வந்தானா, பெயர் கூப்பிட்டபோது குரல் கொடுத்தானா என்று வரிசையில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பேக்கப் மென்பொருள் அந்த மேனேஜர். அவரிடம்தான் நான் நாள் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். அவருக்குக் கீழே விஎம்முக்குள் ஓடும் விண்டோஸ். அதற்குக் கீழே ஹோஸ்ட். அதற்குக் கீழே கார்டு, கேபிள், டிரைவ். விண்டோஸுக்கே தெரியாத டிரைவை மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்?

செவ்வாய்க்கிழமை கீழிருந்து ஆரம்பித்தேன். டிரைவில் பச்சை விளக்கு எரிகிறது. எஸ்ஏஎஸ் கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகினேன். இந்தக் கேபிள்கள் பாதி செருகினாலும் முழுசாகச் செருகின மாதிரியே நிற்கும், அதனால் காதை நம்புவதுதான் நல்லது. அடுத்தது கார்டு. ஈஎஸ்எக்ஸ்ஐ மேலாண்மைப் பக்கத்தில் சேமிப்பு அடாப்டர் பட்டியலைத் திறந்தேன். புது சர்வரோடு வந்த ரெய்டு கார்டு (வட்டுகளைச் சேர்த்துக் கட்டுவது) இருந்தது. என் கார்டு இல்லை.

செத்துவிட்டதோ என்றுதான் நினைத்தேன். ஆனால் ஹார்டுவேர் பக்கத்தில் பிசிஐ டிவைஸ் பட்டியல் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் கார்டு சமத்தாக உட்கார்ந்திருந்தது. இந்த இரண்டு பட்டியலுக்கும் உள்ள வித்தியாசம் அன்றுதான் எனக்கு உறைத்தது. பிசிஐ பட்டியல் ஸ்லாட்டில் செருகியிருப்பதை எல்லாம் காட்டும். சேமிப்புப் பட்டியலில் ஹோஸ்டிடம் டிரைவர் (கார்டை இயக்கும் சின்ன மென்பொருள்) இருக்கிற கார்டுகள் மட்டும்தான் வரும். 7.0 வந்தபோது லினக்ஸ் வழி வந்த பழைய டிரைவர்களை எடுத்துவிட்டார்கள். 6.5, 6.7ல் ஓடிக்கொண்டிருந்த பழைய கார்டுகள் பல அதோடு ஹோஸ்டின் கண்ணுக்கு மறைந்துபோயின. என் கார்டும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

(டிரைவர் இல்லை, டிரைவர் இல்லை என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டுக் காவல்காரப் பெரியவர், "லாரி எல்லாம் வெளியதானே நிக்குது தம்பி" என்றார். அவருக்கு விளக்கம் சொல்லப் போய் எனக்கே கொஞ்சம் தெளிவு வந்தது.)

ஹோஸ்டிடம் டிரைவர் இல்லாமல் போனதால் இந்த வேலைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கார்டை ஹோஸ்ட் பயன்படுத்தப் போவதில்லை, அப்படியே விஎம்மிடம் ஒப்படைக்கப் போகிறோம். பிசிஐ பாஸ்த்ரூ என்பது அதுதான். கார்டுக்கு டிரைவர் விஎம்முக்குள் இருக்கும் விண்டோஸிடம் இருந்தால் போதும். அந்த விண்டோஸோ பழைய சர்வரிலிருந்து அப்படியே தூக்கி வந்தது, இதே கார்டோடு வருடக்கணக்கில் குடும்பம் நடத்தியது. டிரைவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

பாஸ்த்ரூவை இயக்கலாம் என்று போனால், அந்தக் கார்டுக்கு நேரே 'தகுதி இல்லை' என்று நின்றது. இதற்குப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பயோஸில்தான் (சர்வர் எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) விஷயம் இருக்கும். இன்டெல் சர்வரில் விடி-டி என்று ஒரு வசதி, ஏஎம்டியில் ஐஓஎம்எம்யூ. அது அணைந்திருந்தால் பாஸ்த்ரூ நடக்காது. புதிதாக வந்த சர்வரில் அது அணைந்துதான் கிடந்தது. விஎம் ஓட்டுவதற்கு வேண்டிய விடி-எக்ஸ் வேறு, இது வேறு. விடி-எக்ஸ் எரிகிறதே என்று நான் ஞாயிற்றுக்கிழமை பயோஸை மூடியிருந்தேன்.

பயோஸுக்குள் போக வேண்டுமென்றால் சர்வரை நிறுத்த வேண்டும், சர்வர் நின்றால் வெய்பிரிட்ஜும் நிற்கும். குலை வெட்டின ஒரு நாளுக்குள் அவித்தாக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை இறங்கும் என்று அங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். எனக்காக லாரிகள் வரிசையில் நிற்காது. மேனேஜர் யோசித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் 30 நிமிடம் கொடுத்தார். எடை காட்டும் பெட்டி சர்வர் இல்லாமலும் எண்ணைக் காட்டும். அதனால் காவல்காரப் பெரியவர் ஒரு கணக்கு நோட்டை எடுத்து லாரி நம்பர், ஏற்றிய எடை, காலி எடை என்று கோடு போட்டுக்கொண்டு தயாராக நின்றார். ஆறு லாரி அப்படி உள்ளே போனது. அக்கா பிற்பாடு ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டார்.

அந்த 30 நிமிடத்தில் பயோஸில் விடி-டியை இயக்கி, ஹோஸ்டை ஏற்றி, கார்டுக்குப் பாஸ்த்ரூ கொடுத்து, மறுபடி ஒரு தடவை ஹோஸ்டை ஏற்றினேன். இரண்டாவது தடவை வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் கூடுதல் நேரம் கேட்டிருப்பேன். பெரிய சர்வர்கள் நினைவகத்தைச் சோதித்து எழுந்திருக்கவே பத்து நிமிடம் எடுக்கும். இந்த வேலைக்கு இறங்குகிறவர்கள் குறைந்தது ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

பிறகு ஆபீஸ் விஎம்மின் அமைப்பில் பிசிஐ டிவைஸைச் சேர்த்தேன். ஏற்றினால் ஏறவில்லை, நினைவக ஒதுக்கீடு பற்றி ஒரு பிழை. கார்டு விஎம்மின் நினைவகத்தோடு நேராகப் பேசும், அதனால் அந்த நினைவகம் முழுவதையும் அந்த விஎம்முக்கென்றே பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி. நினைவகப் பகுதியில் 'முழுவதையும் ஒதுக்கு' என்ற கட்டத்தில் ஒரு டிக். விஎம் ஏறியது.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. பாஸ்த்ரூ கொடுத்த விஎம்மை ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்னாப்ஷாட் (திரும்பிப் போக வசதியாக அந்த நேரத்து நிலையைப் பதிவது) எடுக்க முடியாது. ஓடுகிற நிலையில் வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தவும் முடியாது. விண்டோஸ் அப்டேட் போடுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு. ஆபீஸ் விஎம்மில் அது போயிற்று. ஸ்னாப்ஷாட் வழியாக முழு விஎம்மையும் பேக்கப் எடுக்கும் ஏற்பாடு உங்களிடம் இருந்தால், கார்டை முக்கியமான விஎம்மில் சேர்க்காதீர்கள், பேக்கப்புக்கென்று ஒரு சின்ன விஎம்மைத் தனியாக வைத்து அதற்குக் கொடுங்கள். இந்த ஆலையில் இருந்தது இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ. அதில் முழு விஎம்மை எடுப்பதற்கான வாசல் பேக்கப் மென்பொருள்களுக்கு மூடியே இருக்கும், விஎம்முக்குள் ஏஜென்ட் (பேக்கப்பின் உதவி மென்பொருள்) போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதனால் அங்கே பெரிய இழப்பில்லை.

இப்போது விண்டோஸுக்குள் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். 'டேப் டிரைவ்கள்' என்று ஒரு புது வரி, அதைத் திறந்தால் உள்ளே எல்டிஓ. திங்கட்கிழமை முழுக்க அந்த வரியே இல்லாமல் இருந்திருக்கிறது. இல்லாததைக் கவனிப்பது, இருப்பதைக் கவனிப்பதைவிடக் கஷ்டம். இதே பட்டியலில், மறைந்த டிவைஸ்களைக் காட்டு என்று சொன்னால் பழைய சர்வரின் ஆவிகள் மங்கலாக வந்து நிற்கும்: பழைய நெட்வொர்க் கார்டு, பழைய ரெய்டு, பழைய இடத்தில் இருந்த இதே எஸ்ஏஎஸ் கார்டு. நிஜ சர்வரை விஎம்மாக மாற்றினால் இந்த மிச்சங்கள் கூடவே வந்துவிடும். மங்கலாக இருப்பதை இருப்பதாக நினைத்து ஏமாறவும் கூடாது, இடைஞ்சல் இல்லாதவரை அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். நான் பழைய எஸ்ஏஎஸ் கார்டையும் பழைய டேப் பதிவையும் மட்டும் நீக்கினேன்.

இவ்வளவு ஆன பிறகுதான் மென்பொருளுக்குப் போனேன். அதில் இப்போது இரண்டு டிரைவ்! ஒன்று சிவப்புப் பெருக்கல் குறியோடு, ஒன்று உயிரோடு. இருப்பது ஒரே டிரைவ்தான். சில மென்பொருள்கள் சீரியல் நம்பரை வைத்து அடையாளம் கண்டு பழைய பெயரிலேயே சேர்த்துக்கொள்ளும். இது அது இருந்த இடத்தை வைத்து அடையாளம் காணும் ரகம் போலிருக்கிறது, வீடு மாறி வந்தவனைப் புது ஆள் என்று எழுதிக்கொண்டது. அக்காவின் திங்கள் முதல் வெள்ளி வரையிலான ஐந்து பேக்கப் வேலைகளும் செத்த டிரைவையே காட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் புது டிரைவுக்கு மாற்றினால்தான் பழையதை நீக்க விடும். ஐந்தையும் மாற்றினேன். டிரைவ் தெரிந்துவிட்டதே என்று இந்த இடத்தில் எழுந்து போயிருந்தால் ராத்திரி பேக்கப் மறுபடியும் தோற்றிருக்கும்.

ஒரு சின்ன முட்டாள்தனமும் நடந்தது. டிரைவ் தயாரிப்பாளரின் சோதனைக் கருவியை நிறுவி, எழுதிப் படித்துப் பார்த்தேன், எல்லாம் நன்றாக ஓடியது. பிறகு மென்பொருளில் டேப்பைப் பட்டியலிடச் சொன்னால், டிவைஸ் வேறு எதற்கோ பயன்பாட்டில் இருக்கிறது என்றது. சோதனைக் கருவியை மூடாமலே விட்டிருக்கிறேன். டேப் டிரைவை ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பிடிக்க முடியும். கருவியை ஓட்டும்போது பேக்கப் சேவைகளை நிறுத்துங்கள், முடிந்ததும் கருவியை மூடிவிட்டுச் சேவைகளை ஓட்டுங்கள். கருவிக்குத் தெரிந்து மென்பொருளுக்குத் தெரியாவிட்டால் மட்டும் மென்பொருளைச் சந்தேகியுங்கள். டிரைவர் விஷயத்திலும் இது மாதிரிதான். சில மென்பொருள்கள் தங்கள் சொந்த டேப் டிரைவரைக் கேட்கும், சில தயாரிப்பாளருடையதைக் கேட்கும். அவர்கள் ஆவணத்தில் எழுதியிருப்பதை மட்டும் போடுங்கள், இருக்கட்டும் என்று இரண்டையும் போடாதீர்கள்.

அன்று இரவு பேக்கப் ஓடியது. காலையில் அக்காவைக் கூப்பிட்டு, "ஏதாவது பழைய கோப்பு ஒண்ணு சொல்லுங்கக்கா, எடுத்துப் பாக்கலாம்" என்றேன். வேலையை விட்டுப்போன ஒருவரின் சேமநிதிக் கணக்கு விஷயமாக 2017ஆம் ஆண்டு சம்பளப் பட்டியல் ஒன்று அவருக்கு நிஜமாகவே வேண்டியிருந்தது. பங்களாவிலிருந்து பிஸ்கட் டின் வந்தது. டேப்பைப் போட்டு, தேடி, எடுத்து, திறந்து காட்டினேன். அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, "ஆமா, இவருதான்" என்றார். எனக்குச் சம்பளம் கிடைத்த மாதிரி இருந்தது.

கதை இதோடு முடியவில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, மறுபடி அதே போன். டேப் இல்லை.

இந்த முறை கீழிருந்தே கேட்டேன். "அக்கா, டிரைவ்ல பச்சை எரியுதா?"

"எரியுதே."

"நேத்து கரண்ட் போச்சா?"

போயிருக்கிறது. புதன் மாலை பெரிய இடி. அக்கா லயத்தில் வளர்ந்தவர். இடி இடித்தால் வீட்டில் எல்லா சுவிட்சையும் அடைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கட்டிலில் ஏற்றி உட்கார வைப்பார்கள், அந்தப் பழக்கம் ஆபீசிலும் தொடர்கிறது. யுபிஎஸ்ஸில் இடம் போதாததால் டேப் டிரைவை நான் சுவர் பிளக்கில், தண்ணீர் காய்ச்சும் கேத்தலுக்குப் பக்கத்தில் போட்டிருந்தேன். இடி ஆரம்பித்ததும் அக்கா அந்த சுவிட்சை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, சர்வர் விழுந்தது. கரண்ட் திரும்பியதும் தானாக எழுந்தது. விஎம்கள் எழுந்தன, பேக்கப் சேவை எழுந்து தன் டிவைஸ் கணக்கை எடுத்தது. அந்த நேரத்தில் டிரைவ் இருட்டில் கிடந்தது. காலையில் அக்கா வந்து சுவிட்சைப் போட்டார், பச்சை எரிந்தது. ஆனால் பெரட்டு முடிந்துவிட்டது, பெயர் விழவில்லை.

போனிலேயே சரிசெய்தோம். டிவைஸ் மேனேஜரில் 'ஹார்டுவேர் மாற்றங்களைத் தேடு' என்று கொடுக்கச் சொன்னேன், டேப் டிரைவ் வந்துவிட்டது. ஆனால் மென்பொருளில் வரவில்லை, ஏனென்றால் அதன் கணக்கு சேவை ஏறும்போது எடுத்தது. பேக்கப் சேவைகளை நிறுத்தி ஓட்டச் சொன்னேன். "வந்துருச்சு தம்பி, பொம்மை வந்துருச்சு!" இரண்டு நிமிட வேலை. முதல் தடவை இரண்டு நாள் ஆனது.

அடுத்த வாரம் போய் டிரைவை யுபிஎஸ்ஸுக்கு மாற்றினேன். ஈஎஸ்எக்ஸ்ஐயில் விஎம்கள் தானாக ஏறும் வரிசையைத் திருத்தி, வெய்பிரிட்ஜ் முதலில், ஆபீஸ் விஎம் அதற்கு 5 நிமிடம் கழித்து என்று வைத்தேன். டேப் டிரைவ் தன்னைச் சோதித்துக்கொண்டு தயாராக அந்த இடைவெளி போதும். சர்வர் அறைக் கதவில் ஒரு தாளும் ஒட்டினேன்: முதலில் டேப், விளக்கு நிலையாக எரியும்வரை பொறு, அப்புறம் சர்வர், கடைசியில் விஎம். அக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டு மேலே பேனாவால் 'பெரட்டு' என்று தலைப்பு எழுதினார். நான் அவரிடம் அந்த உவமையைச் சொல்லியிருந்தேன்.

இதை ஆலைக்கு ஆலை அப்படியே காப்பி அடிக்க முடியாது. பக்கத்துத் தோட்ட ஆபீஸ் ஒன்றில் டேப் கிடையாது, யூஎஸ்பி வட்டு. அங்கேயும் இதே புகார், மென்பொருளில் வட்டு தெரியவில்லை. ஈஎஸ்எக்ஸ்ஐ யூஎஸ்பி டிவைஸை விஎம்முக்குக் கொடுக்கும்போது அது எந்தப் போர்ட்டில் இருந்தது என்பதை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளும். அங்கிருந்த பையன் வட்டைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பக்கத்துப் போர்ட்டில் செருகியிருக்கிறான். பழைய போர்ட்டில் செருகினதும் வந்துவிட்டது. அந்தப் போர்ட்டைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டிவிட்டு வந்தேன். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் விஎம் ஓட்டுபவர்களுக்கு யூஎஸ்பியை இப்படிக் கொடுக்கும் வழி கிடையாது, வட்டை ஹோஸ்டில் ஆஃப்லைன் ஆக்கினால்தான் விஎம்முக்கு நேராகக் கொடுக்க விடும். அதை ஆஃப்லைன் ஆக்காமல் 'பட்டியலில் வரவில்லை' என்று தேடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்னொரு இடத்தில் உள்ளே பொருத்தும் டேப் டிரைவை ரெய்டு கார்டில் இணைத்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தார்கள். ரெய்டு கார்டுகளுக்கு வட்டுகளைச் சேர்த்துக் கட்டத்தான் பெரும்பாலும் தெரியும், டேப்பை அவை மேலே அனுப்புவதில்லை. டேப்புக்கு ரெய்டு வேலை செய்யாத சாதாரண எச்பிஏ கார்டு வேண்டும்.

என்னைக் கேட்டால், பழைய டெஸ்க்டாப் ஒன்று நல்ல நிலையில் கிடந்தால் டேப் டிரைவை அதில் இணைத்து, அதையே பேக்கப் மெஷினாக வைத்துவிடுவேன். விஎம்முக்குள் டேப்பைக் கடத்துவது ஓடும், ஆனால் பல பேக்கப் நிறுவனங்கள் அதற்கு ஆதரவு தருவதில்லை. நாளைக்கு ஏதாவது என்றால் ஆவணத்தைக் காட்டிக் கைகழுவிவிடுவார்கள். வட்டுதான் பேக்கப் என்றால் யூஎஸ்பிக்குப் பதிலாக ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் இணையும் வட்டுப் பெட்டி) வாங்கி, விஎம்முக்குள் இருக்கும் விண்டோஸிலிருந்தே ஐஸ்கசி என்ற நெட்வொர்க் முறை வழியாக இணைத்துக்கொள்ளலாம். அது நெட்வொர்க் வழியாக நேராகப் போவதால் நடுவில் ஹோஸ்ட் கண் விழித்ததா என்ற கவலை இல்லை. ஆலையில் இதைச் சொன்னேன். கார்டு ஓடுகிறதே, எதற்குச் செலவு என்றார்கள். சரி, ஓடும்வரை ஓடட்டும்.

போன மாதம் ஒரு சாயங்காலம், தெலுக் இந்தானில் சாய்ந்த கோபுரம் பக்கம் மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது போன் வந்தது. பின்னால் இடிச் சத்தம், அங்கேயும் மழை.

"தம்பி, கரண்ட் போய் வந்துச்சு. பெரட்டு எடுத்துட்டேன். டேப்பு வந்திருக்கு."

"நல்லதுக்கா."

"ஆனா டிரைவ்ல மஞ்சள் வெளக்கு ஒண்ணு எரியுதே, அது என்னா?"

"துடைக்கிற டேப் கேக்குதுக்கா. அதைப் போடுங்க, தானா துடைச்சுட்டு வெளிய தள்ளும். ஒரு டேப்பு 50 தடவைதான் வரும், எத்தனை ஆச்சுன்னு தெரியுமா?"

"பொட்டி மேல கோடு போட்டு வச்சிருக்கேன்," என்றார். எண்ணும் சத்தம் கேட்டது. "முப்பத்தொண்ணு."